சேற்றில் கிடந்த படகு

மூன்றாம் ஆண்டு, பி.ஏ. வரலாறு

சென்ற கோடை விடுமுறையில் என் வகுப்பு நண்பர்களில் சிலர் உதகைக்குச் சென்றனர். சிலர் கொடைக்கானலுக்குச் சென்றனர். நானோ எங்கள் ஊர்க் கடற்கரையில் சாய்ந்து கிடந்த ஒரு பழைய மரப்படகின் அடிவயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் தந்தையாரும் சிற்றப்பாவும் கூட்டாக வாங்கிய விசைப்படகு அது. எங்கள் குடும்பத்துக்கு அதுதான் முதற் பெரிய படகு. புதியது வாங்கப் பொருளில்லை. ஆகவே, பிறர் ஓட்டிக் களைத்ததை வாங்கினோம். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. பலகையில் அப்பியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டச் சுரண்ட என் உள்ளத்தில் ஒரே கேள்விதான் எழுந்தது: படித்த பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?

கல்லூரி திறந்தது. கட்டுரைப் போட்டிக்காக டைட்டானிக் கப்பலைப் பற்றிப் படிக்க நூலகத்துக்குச் சென்றேன். அங்கே ஒரு மனிதரைச் சந்தித்தேன். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் என் கேள்விக்கு விடையை அவர் வாழ்க்கையே வைத்திருந்தது. அவர்தான் சார்லஸ் ஹெர்பர்ட் லைட்டாலர். டைட்டானிக்கில் உயிர் தப்பிய அதிகாரிகளுள் மூத்தவர் என்றே உலகம் அவரை அறியும். நான் சொல்ல வந்த கதையோ, அவர் தமது 55ஆம் வயதில் வாங்கிய ஒரு பழைய படகைப் பற்றியது.

இளமை

1874ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள், இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் சோர்லி என்னும் ஊரில் லைட்டாலர் பிறந்தார். பிறந்த சில வாரங்களிலேயே தாயை இழந்தார். தந்தையோ மகனை விட்டுவிட்டு நியூசிலாந்துக்குச் சென்றுவிட்டார். தாயின் மடியும் தந்தையின் தோளும் கிட்டாத அந்தச் சிறுவன், 13ஆம் வயதில் பிரிம்ரோஸ் ஹில் என்னும் பாய்க்கப்பலில் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். கடலே அவனுக்குக் கல்லூரியாயிற்று.

அந்தக் கல்லூரியில் தேர்வுகள் கடுமையானவை. இரண்டாவது பயணத்தில் ஹோல்ட் ஹில் என்னும் கப்பலில் சென்றபோது, 1889இல் இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள செயின்ட் பால் தீவில் கப்பல் மோதி உடைந்தது. மனிதர் வாழாத அத்தீவில் எட்டு நாள் தவித்த பின், அவ்வழியே வந்த கப்பல் ஒன்று அவர்களை மீட்டு ஆஸ்திரேலியாவில் சேர்த்தது. பின்னொரு பயணத்தில் நிலக்கரி ஏற்றிச் சென்ற கப்பலில் தீப்பிடித்தது. அதை அணைப்பதில் அவர் காட்டிய துணிவு அவருக்குப் பதவி உயர்வைத் தந்தது. இரண்டாம் துணை அதிகாரிக்கான சான்றிதழை அவர் பெற்றது நம் நாட்டின் கல்கத்தா நகரில் என்பது நமக்குச் சுவையான செய்தி.

நடுவில் கடலை வெறுத்தும் பார்த்தார். 1898இல் கனடாவின் யூக்கான் பகுதிக்குப் பொன் தேடிப் போனார். பொன் கிடைக்கவில்லை. மாடு மேய்த்தார். சரக்கு இரயில்களில் தொற்றிக்கொண்டு நாட்டைக் கடந்தார். மாடுகளை ஏற்றிச் சென்ற கப்பலில் வேலை செய்து, 1899இல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். மறு ஆண்டு ஒயிட் ஸ்டார் நிறுவனத்தில் சேர்ந்தார். 1903இல் சிட்னி நகரத்துப் பெண் சில்வியாவை மணந்தார். இந்த அம்மையாரின் பெயரை நாம் நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் படகில் இவருக்கும் பங்குண்டு.

நிரம்பாத படகுகள்

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, தன் முதற் பயணத்திலேயே டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய கதையை நாம் அனைவரும் அறிவோம். கப்பலில் இருந்தோர் ஏறத்தாழ 2,200 பேர். உயிர்காக்கும் படகுகளோ 20. அவை அனைத்தும் நிரம்பினாலும் 1,178 பேருக்குத்தான் இடம். அந்த இடமும் நிரம்பவில்லை. பிழைத்தவர்கள் ஏறத்தாழ 700 பேரே.

கப்பலின் இடப்புறப் படகுகளை இறக்கும் பொறுப்பு இரண்டாம் அதிகாரியான லைட்டாலருடையது. பெண்களும் குழந்தைகளும் முதலில் என்ற ஆணையை அவர் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். அவர் பக்கத்தில் பல படகுகள் காலி இடத்தோடு இறங்கின. 65 பேர் அமரக்கூடிய 6ஆம் எண் படகு, 30க்கும் குறைவான உயிர்களோடு கடலைத் தொட்டது. இதற்காக வரலாறு அவரை இன்றும் குறை கூறுகிறது. குறையில் நியாயமும் இருக்கிறது. உள்ளே ஓர் இடம் காலியாக இருந்தபோது மேல்தளத்தில் ஓர் உயிர் நின்றது. இதை எந்த வாதத்தாலும் மறைக்க இயலாது.

ஆனால், அவர் ஏன் படகுகளை நிரப்பவில்லை? காரணத்தில்தான் என் கட்டுரையின் வேர் இருக்கிறது. 65 பேரின் எடையோடு அத்தனை உயரத்திலிருந்து தொங்கவிட்டால் படகு நடுவில் மடங்கிவிடும் என்றும், அதைத் தாங்கும் இரும்புக் கைகள் வளைந்துவிடும் என்றும் அவர் அஞ்சினார். பாதி ஆட்களோடு இறக்கி, பின்னர் கப்பலின் கீழ்ப்பகுதிக் கதவுகள் வழியே மற்றவர்களை ஏற்றலாம் என எண்ணினார். அந்த எண்ணம் கைகூடவில்லை. உண்மை என்னவெனில், கப்பல் கட்டப்பட்ட பெல்பாஸ்ட் நகரிலேயே 70 ஆட்களுக்கு ஈடான எடையை ஏற்றிச் சோதனை செய்திருந்தார்கள். படகு மடங்கவில்லை; இரும்பும் வளையவில்லை. அந்தச் செய்தி கப்பலின் அதிகாரிகளுக்குச் சொல்லப்படவேயில்லை!

இதை எண்ணிப் பாருங்கள். படகில் வலிமை இருந்தது. அதை நம்புவதற்கு வேண்டிய அறிவு அதை இறக்கியவர் கையில் இல்லை. கருவியின் வலிமையை அறியாதவன் கையில் நல்ல கருவியும் பாதிப் பயனே தரும். வள்ளுவர் வலியறிதல் என்று தனி அதிகாரமே வகுத்ததன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. வண்டியின் அச்சு எவ்வளவு தாங்கும் என்று அறியாமல் பாரம் ஏற்றுவது பிழை. தாங்குமே என்று அறியாமல் காலியாக ஓட்டுவதும் பிழைதான்.

லைட்டாலர் கப்பலோடு கடைசிவரை நின்றார். நீருக்குள் இழுக்கப்பட்டு, உள்ளிருந்து வெடித்தெழுந்த காற்றால் மேலே தள்ளப்பட்டு, கவிழ்ந்து மிதந்த மடக்குப் படகு ஒன்றைப் பற்றினார். அதன் முதுகில் ஏறத்தாழ முப்பது பேர் ஏறியிருந்தனர். அலை எழும்போதெல்லாம் அத்தனை பேரையும் ஒருசேர இடம் சாயவும் வலம் சாயவும் சொல்லி, விடியும்வரை அந்தப் படகைச் சமநிலையில் வைத்திருந்தார். பாரத்தை எப்படிப் பகிர்ந்தால் படகு நிற்கும் என்னும் பாடத்தை, உறையும் குளிரில் கால்களாலேயே கற்றார்.

கப்பல் கிட்டாத மாலுமி

முதல் உலகப் போரில் அவர் கடற்படையில் பணியாற்றினார். 1914இல் அவர் இருந்த ஓஷியானிக் கப்பல் ஷெட்லாந்து தீவுகளுக்கருகே பாறையில் ஏறிச் சிதைந்தது. 1918இல் அவர் தலைமையேற்ற ஃபால்கன் என்னும் போர்க்கப்பல் மோதலில் மூழ்கியது. அதே ஆண்டில் கேரி என்னும் கப்பலைக் கொண்டு யுபி-110 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கியை மோதி வீழ்த்தினார். வீரப் பதக்கம் இருமுறை அவரைத் தேடி வந்தது.

போர் முடிந்தது. பழைய நிறுவனத்துக்குத் திரும்பினார். கப்பல் தலைவர் பதவி தமக்குக் கிட்டும் என்று காத்திருந்தார். கிட்டவில்லை. டைட்டானிக்கின் நிழல் அதில் தப்பியவர்கள் மேலும் விழுந்திருந்தது. 1920களின் தொடக்கத்தில் வேலையை விட்டு விலகினார். விருந்தினர் விடுதி நடத்தினார். கோழி வளர்த்தார். கடலையே கல்லூரியாகக் கொண்டவர் கோழிக் கூண்டுகளுக்கு நடுவே நின்ற காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உலகம் கப்பல் தராவிட்டால் என்ன, நாமே ஒன்று தேடிக்கொள்வோம் என்று அவரும் சில்வியாவும் எண்ணினர் போலும்.

பழைய படகு

1929ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், மெட்வே ஆற்றுக்குக் கிழக்கே கான்யர் என்னும் ஓடை இருக்கிறது. வற்றுக்காலத்தில் நீர் இறங்கினால் சேறுதான். அந்தச் சேற்றில் கடற்படை கழித்துவிட்ட ஒரு நீராவிப் படகின் உடற்கூடு கிடந்தது. அது கட்டப்பட்ட ஆண்டு எது தெரியுமா? 1912! டைட்டானிக் மூழ்கிய அதே ஆண்டு. போர்க்கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஓடி உழைத்து ஓய்ந்த படகு. அதன் நீளம் 58 அடி. லைட்டாலர் அதை வாங்கினார்.

கண்டவர்கள் நகைத்திருக்கலாம். ஆனால் அறிந்தவன் பார்வை வேறு. பழைய மரப்படகை வாங்கப் போகிறவன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் ஊர் ஓடாவியிடம் நான் கேட்டறிந்தேன். நூல்களில் படித்ததும் அதுவே. கெண்ட் ஆயினும் கோடிக்கரை ஆயினும் மரம் மரந்தானே!

முதலில் வண்ணத்தைப் பார்க்கக் கூடாது. புது வண்ணம் பழைய புண்ணை மறைக்கும். சிறு சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக முனகும். ஐயம் எழுந்த இடத்தில் கூரிய ஊசியைக் குத்திப் பார்க்க வேண்டும். எளிதில் இறங்கினால் உள்ளே மரம் இற்றுவிட்டது என்று பொருள். இன்னொரு செய்தி எனக்கு வியப்பளித்தது. மரத்தை உளுக்கச் செய்வதில் கடல்நீரைவிட மழைநீரே கொடியது. மேல்தளத்தின் வழியே சொட்டி, காற்றுப் புகாத மூலைகளில் தேங்கும் நன்னீரில்தான் காளான் வளர்ந்து மரத்தைத் தின்னுகிறது. ஆகவே, படகின் அடியை மட்டும் பார்த்தால் போதாது. மூடிக் கிடக்கும் அறைகளின் மூலைகளையும் முகர்ந்து பார்க்க வேண்டும். புழுக்க நாற்றம் உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்தது இணைப்பு. பலகை நன்றாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் ஆணி அரித்துப் போயிருக்கலாம். ஏராக்கட்டையைப் பிணைக்கும் நீண்ட தண்டாணிகளில் ஒன்றிரண்டையாவது வெளியே எடுத்துப் பார்த்தால்தான் மற்றவற்றின் நிலை தெரியும். பிரிட்டிஷ் கடற்படையின் நீராவிப் படகுகள் பல, தேக்குப் பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு அடுக்காகப் பதித்து, நடுவே எண்ணெயில் நனைத்த துணி வைத்துக் கட்டப்பட்டவை. அவை எடை குறைந்தவை, வலிமை மிகுந்தவை. ஆனால் நடுத்துணி கெட்டு நீர் புகுந்தால் எங்கே புகுந்தது என்று கண்டுபிடிப்பது அரிது. எந்தப் பொருளுக்கும் எந்த இடத்தில் நோய் வரும் என்று அறிவதே அதை வாங்கும் தகுதி.

மூன்றாவது எந்திரம். நீராவிப் படகில் கொதிகலனும் நிலக்கரியும் பெரும் இடத்தையும் எடையையும் கொண்டிருக்கும். அவற்றை எடுத்துவிட்டுச் சிறிய மோட்டாரைப் பொருத்தினால் அறைகளுக்கு இடம் கிடைக்கும்; ஆனால் படகின் சமநிலை மாறிவிடும். அடியில் பாரம் வைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடிவயிற்றில் இறங்கித் தங்கும். காற்றோட்டம் செய்யாமல் எந்திரத்தை முடுக்கினால் ஒரு பொறி போதும், படகே அடுப்பாகிவிடும்.

நான்காவது பணம். பழைய படகை வாங்குவது எளிது, வைத்திருப்பதுதான் அரிது. யானையை வாங்கினவன் தீனிக்கும் வழி பார்க்க வேண்டுமல்லவா? விலையோடு செலவு முடிந்துவிட்டது என்று நினைக்கிறவன், ஓராண்டுக்குள் படகையும் பணத்தையும் சேர்த்து இழப்பான். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், பழுது பார்க்கத் தனியே ஒரு பங்கை ஒதுக்கி வைப்பவனே கரை சேர்வான்.

லைட்டாலர் இணையர் அந்தக் கூட்டுக்கு உயிர் கொடுத்தனர். அறைகள் எழுந்தன. 60 குதிரைத்திறன் கொண்ட பார்சன்ஸ் மோட்டார் பொருத்தப்பட்டது. 1930இல் படகு மீண்டும் நீரில் இறங்கியது. சில்வியா அதற்கு சன்டவுனர் என்று பெயரிட்டார். அவர் பிறந்த ஆஸ்திரேலிய நாட்டில், பொழுது சாயும் வேளையில் தங்க இடம் தேடி வந்து சேரும் நாடோடியை அப்படி அழைப்பார்கள். பொழுது சாயத் தொடங்கிய வயதில் தங்கள் கைக்கு வந்த படகுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ?

பத்தாண்டுப் பழக்கம்

அதன் பின் பத்தாண்டுக் காலம் அப்படகே அக்குடும்பத்தின் இரண்டாம் இல்லமாயிற்று. இங்கிலாந்தின் கரையோரமும், கால்வாய் கடந்து ஐரோப்பியக் கரைகளிலும் அவர்கள் சுற்றினர். பிள்ளைகள் படகோட்டக் கற்றனர். இந்தப் பத்தாண்டுகளில் வீரச்செயல் என்று எழுதத்தக்கது எதுவும் இல்லை. ஆகவே பல நூல்கள் இப்பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கோ இதுதான் அவர் வாழ்க்கையின் நடுப்பக்கமாகத் தோன்றுகிறது.

மரப்படகு வைத்திருப்பவனின் ஓராண்டு எப்படி இருக்கும்? படகைக் கரையேற்ற வேண்டும். பாசியையும் சிப்பியையும் சுரண்ட வேண்டும். பலகை இடுக்குகளில் பஞ்சு தளர்ந்த இடங்களைக் கண்டு கலப்பற்று அடைக்க வேண்டும். கடற்புழு அண்டாத வண்ணம் பூச வேண்டும். சுக்கானின் கீல், விசிறி சுழலும் தண்டு, அத்தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் நீர் கசியாதிருக்க வைத்த அடைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அடிவயிற்றில் தேங்கும் நீரின் அளவை நாள்தோறும் கவனிக்க வேண்டும். நேற்று ஒரு வாளி, இன்று இரண்டு வாளி என்றால் எங்கோ ஒரு வாய் திறந்திருக்கிறது. இவற்றுள் எதுவும் கைதட்டல் பெறும் வேலையன்று. ஆனால் இவற்றைச் செய்கிறவனுக்கு ஒரு பரிசு உண்டு. தன் படகு எவ்வளவு தாங்கும் என்று அவன் உடம்புக்கே தெரிந்துவிடுகிறது.

1939ஆம் ஆண்டு ஜூலையில் கடற்படை அவரை நாடியது. முதிய கணவனும் மனைவியும் உல்லாசப் பயணம் போவதுபோல் சன்டவுனரில் சென்று, ஜெர்மனியின் கரையோரத்தை அவர்கள் நோட்டமிட்டு வந்தனர். செப்டம்பரில் போர் மூண்டது. முதல் நாள்களிலேயே, வில்ஹெல்ம்ஸ்ஹேவன் துறைமுகத்தின் மீதான தாக்குதலில், விமானியான அவர்களுடைய இளைய மகன் பிரயன் உயிரிழந்தான்.

நிரம்பிய படகு

1940ஆம் ஆண்டு மே மாத இறுதி. பிரான்சின் டன்கர்க் கரையில் நேச நாட்டுப் படைகள் கடலுக்கும் பகைவர்க்கும் இடையே சிக்கிக்கொண்டன. மே 26 முதல் ஜூன் 4 வரை 3,38,226 வீரர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டனர். பெரிய கப்பல்கள் கரையை நெருங்க இயலாத இடங்களில் துணைபுரிய நூற்றுக்கணக்கான சிறு படகுகள் திரட்டப்பட்டன. லண்டனை அடுத்த சிஸ்விக்கில் கட்டப்பட்டிருந்த சன்டவுனரையும் கடற்படை கேட்டது. ராம்ஸ்கேட் துறைமுகத்தில் ஒப்படைத்தால் போதும், கடற்படை ஆட்கள் ஓட்டிச் செல்வார்கள் என்பது ஏற்பாடு. 66 வயது லைட்டாலர் அதற்கு இசையவில்லை. தம் படகைத் தாமே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டார். இதைப் பிடிவாதம் என்று சிலர் நினைக்கலாம். பத்தாண்டு பேணியவனின் உரிமை அது. படகின் உள்ளும் புறமும் அறிந்தவனின் கடமையும்கூட.

பாய்மரம் முதலாகத் தேவையற்ற அனைத்தையும் கழற்றி இறக்கினர். ஜூன் 1ஆம் நாள் காலை பத்து மணிக்கு, மூத்த மகன் ரோஜரும் கடற்சாரணர் இளைஞர் ஒருவரும் உடன்வர, ராம்ஸ்கேட்டை விட்டுப் புறப்பட்டார். வழியில் தீப்பற்றி எரிந்த வெஸ்டர்லி என்னும் படகிலிருந்து ஐந்து பேரை ஏற்றிக்கொண்டார். டன்கர்க்கில் ஒரு போர்க்கப்பலின் ஓரத்தில் அணைந்து, வீரர்களை ஏற்றத் தொடங்கினார்.

சன்டவுனரில் அதுவரை ஒரே நேரத்தில் ஏறியவர்களின் மிகுந்த எண்ணிக்கை 21. கீழே நின்று ஆட்களை அடுக்கிக்கொண்டிருந்த ரோஜரிடம் ஐம்பதாவது ஆள் இறங்கியதும் நிலைமையைக் கேட்டார். இடம் நிறைய இருக்கிறது என்று பதில் வந்தது. எழுபத்தைந்தில்தான் நெருக்கடி என்று மகன் ஒப்புக்கொண்டான். பிறகு மேல்தளத்தில் ஏற்றினார். எல்லோரையும் படுத்தே இருக்கச் சொன்னார். மேலே ஐம்பது பேர் ஆனபோது, படகு அசையும் அசைவில் ஒரு மாற்றத்தை உணர்ந்தார். சாய்ந்தால் நிமிரத் தயங்குகிறது என்று அவர் கால்கள் சொல்லின. அங்கே நிறுத்திக்கொண்டார். மொத்தம் 130 பேர்!

நண்பர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். 1912இல் 65 பேர் ஏறத்தக்க படகில் பாதியைக்கூட நிரப்பத் துணியாத அதே மனிதர், 28 ஆண்டுகளுக்குப் பின் 21 பேருக்கு மேல் ஏறியிராத படகில் 130 பேரை ஏற்றினார். அன்று அவருக்குத் துணிவு குறைவு என்று சொல்ல முடியுமா? முடியாது. இன்று வெறும் துணிவுதான் என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. வெறும் துணிவாக இருந்தால் 130இல் நிறுத்தியிருக்க மாட்டார். 150 ஏற்றிக் கவிழ்த்திருப்பார். அன்றைய படகு அவருக்குப் பிறர் தந்த பொருள். இன்றைய படகு அவர் பேணிய பொருள். எந்தப் பலகை எவ்வளவு தாங்கும் என்று அறிந்தவர், தாங்கும் எல்லைவரை சென்றார். எல்லை தெரிந்த இடத்தில் நின்றார்.

திரும்பும் வழியில் பகை விமானங்கள் தாழப் பறந்து சுட்டன. ஏறத்தாழ 10 கடல் மைல் வேகமே உள்ள படகு வேகத்தால் தப்ப முடியாது. விமானி சுடத் தொடங்கும் கணத்தைக் கணித்து, அப்போது சுக்கானைத் திருப்ப வேண்டும். இந்த நுணுக்கங்களைப் பலமுறை பேச்சுவாக்கில் அவருக்குச் சொல்லியிருந்தவன் இளைய மகன் பிரயன். மறைந்த மகனின் சொல் அன்று நூற்றுமுப்பது பேரின் உயிரைக் காத்தது. ஒருவர்கூட மாளவில்லை.

இரவு பத்து மணியளவில் ராம்ஸ்கேட் சேர்ந்தனர். கரையைக் கண்ட மகிழ்ச்சியில் மேல்தளத்தார் எழ, படகு பயங்கரமாகச் சாய்ந்தது. உடனே அவர்களைப் படுக்கவைத்தார். கீழே இருந்தவர்கள் தம் ஆணை வரும்வரை அசையக்கூடாது என்றார். கவிழ்ந்த படகின் முதுகில் முப்பது பேரைச் சாயச் சொன்ன அந்தக் குரலேதான் இது. இறங்க இறங்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பதைக் கண்ட கரையிலிருந்தவர், இத்தனை பேரை எங்கே வைத்திருந்தீர்கள் என்று வியந்து கேட்டாராம்.

முடிவு

போர் அவரிடம் மேலும் ஒரு விலை கேட்டது. 1945இல், போர் முடியும் தறுவாயில், டன்கர்க்குக்கு உடன்வந்த ரோஜரும் பிரான்சில் உயிரிழந்தான். இரு மகன்களை இழந்த அந்த முதியவர் தேம்ஸ் நதிக்கரையில் சிறு படகுப் பட்டறை நடத்தினார். ஆற்றுக் காவல் துறைக்கு அங்கே படகுகள் உருவாயின. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், லண்டனைக் கொடும் புகைமூட்டம் மூடியிருந்த நாள்களில், 78ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் சென்ற பின்னும் சன்டவுனர் வாழ்ந்தது. பிற்காலத்தில் ராம்ஸ்கேட் அருங்காட்சியகத்தாரின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. சேற்றோடு சேறாகியிருக்க வேண்டிய மரக்கூடு, தன்னைக் கட்டிய கடற்படையும் எதிர்பாராத பெருமையைப் பெற்றது.

நாமும் பலவற்றைப் பழையதாகவே பெறுகிறோம். நம் கல்லூரிக் கட்டடம் பழையது. நூலகத்து நூல்கள் பழையவை. நம்மில் பலருக்கு வீட்டில் கிடைத்த சைக்கிள்கூடப் பழையது. புதியது கிட்டவில்லையே என்று ஏங்குவதில் பொழுதைக் கழிக்கலாம். அல்லது கிடைத்ததைத் தட்டிப் பார்த்து, உளுத்ததை மாற்றி, உறுதியானதை அறிந்து வைத்துக்கொள்ளலாம். என்றோ ஒருநாள் 130 பேர் கரையில் நின்று கை நீட்டக்கூடும். அன்று போய்ப் பஞ்சடைக்க நேரம் இராது.

எங்கள் படகு இப்போது கடலுக்குப் போய் வருகிறது. அம்மாவின் வளையல்கள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு படகுக்குக் கிளம்பினார். படிக்கிற பிள்ளையை எதற்கு இழுக்கிறீர்கள் என்று அம்மா தடுத்தார். நானே எழுந்து கூடப் போனேன். அவர் தட்டிக்கொண்டே வந்தார். நான் பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். பின்பக்கத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு பலகை முனகியது. இருவரும் ஒரே நேரத்தில் நின்றோம்.